சிங்கப்பூரில் முதல் ஆறு மாதம்: எதை வாட்ஸ்அப்பில் முடிக்கலாம், எதற்கு நேரில் போயே ஆக வேண்டும்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து சில வாரங்களே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை பாஸ் எடுத்துத் தர நிறுவனம் இருக்கிறது. வங்கிக் கணக்கு திறக்க யாராவது வழி சொல்வார்கள். இங்கே மனிதர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. கைப்பேசி நிறைய வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. அந்த நிலையில் நெடுநாள் கிடந்து தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவை இவை.

ஆளைக் கண்டுபிடிக்கத் திரை போதும். பணம், தங்குமிடம், கல்யாணம் என்ற பேச்சு வந்தால் முகம் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். ஊரில் இருப்பவர்கள் விஷயத்தில் இது தலைகீழ். ஏற்கெனவே முகம் பார்த்து வளர்ந்த உறவைத் திரை தாங்கிப் பிடிக்கும், ஆனால் அதுவும் சில காலத்துக்குத்தான்.

1. முதலில் உள்ளூர் எண், அப்புறம் சிங்பாஸ்

விமான நிலையத்தில் வாங்கும் சுற்றுலா சிம்மோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். கடப்பிதழையோ வேலை பாஸையோ காட்டி ப்ரீபெய்ட் சிம் வாங்கலாம். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம் வரைதான் அனுமதி. ஊர் எண்ணிலிருந்து செய்தி அனுப்பினால் பலர் பதிலே போட மாட்டார்கள். மோசடி அழைப்புகளால் சூடுபட்ட ஊர் இது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பாஸில் இருக்கும் ஃபின் எண்ணை (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) வைத்துச் சிங்பாஸுக்குப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. அரசாங்கச் சேவைகள் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் சாவி. அதனாலேயே அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது. இதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

2. குழுக்களில் சேருங்கள், வேடிக்கை பார்ப்பதோடு நிற்காதீர்கள்

ஊர்க்காரர்கள் குழு ஒன்று, நீங்கள் தங்கும் வட்டாரக் குழு ஒன்று, உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு ஒன்று. இவை போதும். கிரிக்கெட், ஓட்டம், புத்தகம், பறை, சமையல் என்று எல்லாவற்றுக்கும் இங்கே தமிழ்க் குழுக்கள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் தினமும் 'காலை வணக்கம்' படம் போடுவதால் ஒரு நண்பரும் கிடைக்க மாட்டார். யாராவது உருப்படியான கேள்வி கேட்டால், பதில் தெரிந்தால், தனிச் செய்தியில் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கவனிக்க வேண்டிய பொறிகள்:

'உங்கள் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னோர் எண்ணுக்கு பேநவ் (கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் முறை) செய்யுங்கள், கமிஷன் தருகிறேன்.' முகம் தெரியாத 'அண்ணன்' ஒருவர் இப்படிக் கேட்டால் உடனே வெளியேறுங்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ மற்றவர் கைக்குக் கொடுத்து அது மோசடிக்குப் பயன்பட்டால் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். 2025 ஜனவரி முதல் உங்கள் பெயரில் வாங்கிய சிம்மைக் குற்றச் செயலுக்குக் கைமாற்றுவதும் தனிக் குற்றம். 'எனக்கு இன்னும் பாஸ் வரவில்லை, உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கித் தாங்களேன்' என்று கேட்பவரிடம், 'சரி, லிட்டில் இந்தியா தேக்காவில் நேரில் பார்ப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ கடன் தருவதாக வந்தால் அது சட்டவிரோதக் கடன்தான். உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர்களுக்கு அந்த வழியில் விளம்பரம் செய்ய அனுமதியே இல்லை.

ஒரு செய்தி மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். குழுவில் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்.

3. அறை: இதற்கு நேரில் போகாமல் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்

புதிதாக வந்தவர் அதிகம் அடிபடும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அறை என்பது வாடகை விவகாரம் மட்டும் இல்லை. ஓராண்டுக்கு யாருடைய முகத்தில் விழிக்கப் போகிறீர்கள் என்பதும் அதில்தான் முடிவாகிறது. படத்தில் அறையின் அளவு தெரியும், வீட்டுக்காரரின் குணம் தெரியாது.

மாலை எட்டு மணிக்கு மேல் போங்கள். பகலில் எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும். இரவில்தான் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், குளியலறைக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், சமையலறையில் எந்த அடுப்பு யாருடையது என்பதெல்லாம் தெரியும். 'சமைக்கலாமா' என்று செய்தியில் கேட்டால் 'ஆம்' என்றுதான் பதில் வரும். நேரில் போய், 'மீன் குழம்பு வைக்கலாமா, காலை ஆறு மணிக்குத் தாளிக்கலாமா' என்று கேளுங்கள். பதிலை விட அந்த ஒரு நொடித் தயக்கத்தில் அதிகம் விளங்கும். குளிர்சாதனம் எந்த நேரம், துணி துவைக்கும் இயந்திரம் வாரத்துக்கு எத்தனை முறை, ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அங்கு தங்கியிருப்பவர் ஒருவரிடம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேச முடிந்தால் அதைப் போல் வேறில்லை.

காகித விஷயங்கள்:

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் வாடகைக் காலம் குறைந்தது ஆறு மாதம். தனியார் வீடு என்றால் மூன்று மாதம். 'ஒரு மாதம் மட்டும் தருகிறேன்' என்பவரிடம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீவக வீட்டில் அறையை வாடகைக்கு விடும் உரிமையாளர் தானும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வீவகவின் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, 'உரிமையாளர் அப்பப்போ வருவார்' என்று கதை சொல்லும் வீடுகள் உண்டு. சோதனை வந்தால் நீங்களும் சேர்ந்து வெளியேற வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

கட்டுமானம், உற்பத்தி, கடல்துறை, பதனீட்டுத் துறை ஆகியவற்றில் வேலை அனுமதிச் சீட்டில் (வொர்க் பர்மிட்) இருப்பவர்களுக்கு, மலேசியர்கள் தவிர, வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. அறை தேடும் முன் உங்கள் பாஸ் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸையும் கடப்பிதழையும் அசலாகப் பார்த்துச் சரிபார்ப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. அது நேரில் நடக்க வேண்டியது. ஆகவே வீடு பார்ப்பதற்கு முன்பே இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்பவருக்கு அனுப்பாதீர்கள்.

முகவர் என்று சொல்பவரின் பெயரையும் பதிவு எண்ணையும் வீட்டு முகவர்களை ஒழுங்குபடுத்தும் சிஇஏ அமைப்பின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். அதில் உள்ள கைப்பேசி எண்ணும் உங்களோடு பேசும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், ஏனென்றால் உண்மையான முகவரின் பெயரைத் திருடிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். வாடகையையோ முன்பணத்தையோ முகவர் தன் கையில் வாங்கக் கூடாது. அது உரிமையாளருக்கு நேரடியாகப் போக வேண்டும். ஒரே முகவர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவதும் விதிமீறல்.

செலவு: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. முத்திரைத் தீர்வையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை என்றால் ஆண்டுக்கு 10,800, அதற்குத் தீர்வை 43 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்ட வேண்டும். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். பின்னால் முன்பணத் தகராறு வந்தால் தீர்வை கட்டிய ஒப்பந்தம்தான் கைகொடுக்கும்.

எல்லாம் நேரில் பேசி முடிந்ததும், பேசியதை அன்று இரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரிதானே அண்ணே' என்று கேட்டு ஒரு பதில் வாங்கி வையுங்கள். ஒப்பந்தத்தில் வராத சில்லறை விஷயங்களுக்கு அது சாட்சி. இந்த இடத்தில் மட்டும் எனக்குத் திரைமேல் நன்றி உண்டு.

4. முதல் சந்திப்பைச் சின்னதாக வையுங்கள்

குழுவில் பழகிய ஒருவரை முதல் தடவை பார்க்கப் போகிறீர்கள். வீட்டுக்கு அழைக்காதீர்கள், முழு நாளையும் ஒதுக்காதீர்கள். உணவங்காடி நிலையத்தில் ஒரு மணி நேரம் போதும். தேக்கா நிலையத்தில் தேநீரும் வடையும் ஐந்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் எழுந்து வர யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நிற்கவே இடம் இருக்காது. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது என்று அர்த்தம், எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்த தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வைக்காமல் போனால் அபராதம் வரலாம்.

நாலு பேர் சேர்ந்து திடலில் உட்காரலாம் என்று திட்டமிட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. புது நண்பர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தால் நீங்கள் கிளம்பிவிடலாம்.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரைச் சந்திக்கும்போது 'இந்தியாவில் எந்த ஊர்' என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்குச் சொந்த ஊர் தோ பாயோ, ஈசூன், பிடோக். மூன்று தலைமுறையாக அப்படித்தான். இதைக் குழுவில் கேட்டால் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அதற்கப்புறம் பேச மாட்டார், காரணமே உங்களுக்குத் தெரியாது. நேரில் கேட்டால் முகம் மாறுவது தெரியும், அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். எந்தப் பள்ளியில் படித்தீர்கள், இங்கே எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வரும்.

5. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

ஒரு தடவை பார்த்தவர் நண்பர் ஆவதில்லை. ஒவ்வொரு தடவையும் 'எப்போ ப்ரீ' என்று செய்தி அனுப்பித் தேதி குறிப்பதும் நடக்காது. ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு ஓய்வு நாள். செய்தியே அனுப்பாமல் ஒரே ஆட்களைப் பார்க்கக் கிடைக்கும் இடம் ஒன்று வேண்டும்.

கோயில் சேவை அதற்கு நல்ல வழி. அன்னதானத்தில் காய் நறுக்க, பரிமாற ஆள் எப்போதும் தேவைப்படும். அலுவலகத்தில் போய்க் கேட்டால் போதும். பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், காலையில் அல்லது மாலையில் போங்கள். தைப்பூசத்துக்கு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும்போது தொண்டூழியர்கள் நிறையத் தேவை. ஆனால் தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. விடுப்பை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சமூக மன்றங்களில் வகுப்புகளும் ஆர்வக் குழுக்களும் உண்டு, பதிவு இணையத்தில். நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. தமிழ்ப் புத்தக அலமாரிப் பக்கம் அடிக்கடி ஒரே முகங்களைப் பார்ப்பீர்கள். ஏப்ரலில் வந்தீர்கள் என்றால் அதிர்ஷ்டம். வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடக்கும் தமிழ்மொழி விழாவில் அந்த மாதம் முழுக்க நிகழ்ச்சிகள், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. முடிந்ததும் ஓடிவிடாமல் சிற்றுண்டி வரிசையில் நில்லுங்கள். அங்கேதான் பழக்கம் ஏற்படும், மேடைக்கு முன்னால் இல்லை.

தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குப் பெஞ்சூரு போன்ற பொழுதுபோக்கு நிலையங்கள் பக்கத்தில் இருக்கும்.

6. வரன் தேடுகிறவர்களுக்கு

இணையத்தில் வரன் பார்ப்பதில் தவறில்லை, இப்போது எல்லாரும் அப்படித்தான். வீடியோ அழைப்புக்கு மறுக்கிறவர், ஒரே ஊரில் இருந்துகொண்டு சந்திப்பைத் தள்ளிப்போடுகிறவர், சந்திக்கும் முன்பே பணம் கேட்கிறவர், இந்த மூன்று பேருக்கும் பதில் ஒன்றுதான்: நிறுத்திவிடுங்கள். மருத்துவச் செலவு, சுங்கத்தில் மாட்டிய பரிசுப் பொட்டலம், முதலீட்டு யோசனை என்று கதை மாறும், கணக்கு எண் மட்டும் மாறாது.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் அல்லது முன்பு இருந்தவர் சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டும் என்றால் மனிதவள அமைச்சின் அனுமதி முதலில் வேண்டும். கல்யாணம் ஊரில் நடந்தாலும் இது பொருந்தும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதை முடியுங்கள். இங்கே பதிவுத் திருமணம் என்றால் திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாளுக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

7. ஊரோடு பேச ஒரு நேரம் வையுங்கள்

சிங்கப்பூர் இந்திய நேரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே ஏழு, விளக்கு வைத்து முடித்திருப்பார்கள். தினமும் பத்து நிமிடம் பேசுவது, ஞாயிறு இரண்டு மணி நேரம் பேசுவதை விட நல்லது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும் என்பதில்லை. கைப்பேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் வெங்காயம் நறுக்குங்கள், அம்மா அங்கே கீரை ஆயட்டும். பேச ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் பேச்சு வரும்.

உடம்பு சரியில்லை என்பதை மட்டும் எழுத்தில் போடாதீர்கள். குரல் கேட்காமல் ஊரில் யாருக்கும் தூக்கம் வராது.

8. அப்பா அம்மாவை ஒரு தடவை வரவழையுங்கள்

வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டினாலும் அம்மா நம்புவதில்லை. நேரில் வந்து உங்கள் கட்டிலையும் நீங்கள் சாப்பிடும் கடையையும் பார்த்துவிட்டுப் போனால், அப்புறம் இரண்டு ஆண்டுக்குத் தொலைபேசிப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். செலவுதான், ஆனாலும் நான் பரிந்துரைப்பேன்.

நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்வது வேறு விஷயம். எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வகை வேலை பாஸ் வைத்திருப்பவர்களில் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். பெற்றோருக்கு 12,000. வேலை அனுமதிச் சீட்டுக்கு அந்த வசதி இல்லை. சுற்றிப் பார்க்க வந்துபோவதற்கு இந்தச் சம்பள வரம்பு எதுவும் கிடையாது.

இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். பயணத் தேதியில் கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது. பழைய ரேஷன் கார்டுப் படத்தைக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். விசாக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்ப வராது. ஊரில் அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் போட்டால் அவருடைய சேவைக் கட்டணம் தனி. மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். விசா வரும் முன் திரும்பப் பெற முடியாத விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

வருகைக்கு முன் மூன்று நாளுக்குள், வரும் நாளும் சேர்த்து, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணைய வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. அவர்களுக்காக நீங்களே இங்கிருந்து நிரப்பிவிடலாம்.

வெளிநாட்டவருக்கு இங்கே மருத்துவமனையில் அரசு மானியம் இல்லை. மருத்துவக் காப்பீடு உள்ள பயணக் காப்புறுதி எடுக்காமல் கூட்டி வராதீர்கள். வழக்கமான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலை இங்கே தடை. அப்பா வெற்றிலையோடு போடுகிறவர் என்றால் கிளம்பும் முன் பெட்டியையும் சட்டைப் பையையும் யாராவது பார்த்துவிட வேண்டும். சிகரெட்டுக்கும் வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

கடப்பிதழில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அரைவல் கார்டு நிரப்பும்போது உங்கள் மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். விசா நீண்ட காலத்துக்குச் செல்லும் என்பதற்காக அத்தனை நாளும் தங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்னஞ்சலில் உள்ள கடைசித் தேதியைத் திரும்பும் விமானச் சீட்டோடு அன்று இரவே ஒப்பிட்டுப் பாருங்கள்.